மகஜர் எழுதிய வணிகர்

மகஜர் என்னும் சொல் இன்றைய நாளிதழ்களில் அடிக்கடி காணப்படுவது. ஊரார் திரண்டு சென்று மாவட்ட ஆட்சியரிடம் மகஜர் அளித்தனர் என்னும் செய்தியைப் படிக்காதவர் நம்மில் இரார். அரபு மொழியில் முன்னிலையாதல் என்னும் பொருளடியாகப் பிறந்து, முன்னிலையில் இருந்தோர் கையொப்பமிட்ட ஆவணத்தைக் குறித்து, பாரசீகத்தின் வழியாக ஆட்சிமொழிக்குள் புகுந்து, பின்னர்த் தமிழில் நிலைத்துவிட்ட சொல் அது. அதனோடு உடன்வந்த சொற்களும் பல. தாசில்தார், கிஸ்தி, வசூல், ஜப்தி, ரயத்து ஆகிய யாவும் அவ்வழியில் வந்தனவே. மொழி வரலாற்றுப் பாடத்தில் பிறமொழிக் கலப்பைப் பற்றிப் பேசும்போது இச்சொற்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது என் வழக்கம். அவ்வாறு எழுதிய ஒருநாள் ஒன்றைக் கவனித்தேன். கிஸ்தியும் வசூலும் ஜப்தியும் மேலிருந்து குடியானவனை நோக்கி இறங்கி வருபவை. மகஜர் ஒன்றுதான் குடியானவனிடமிருந்து மேலே ஏறிச் செல்வது.

அம்மகஜரையே தம் வாழ்நாளின் கருவியாகக் கொண்டு, அதன்பொருட்டுத் தம் செல்வம் முழுவதையும் செலவிட்ட ஒரு வணிகரைப் பற்றி இம்மலரில் எழுத விழைகின்றேன். அவர் சென்னைப் பட்டணத்து வணிகரும் அரசியல் முன்னோடியுமான கஜுலு லட்சுமிநரசு செட்டியார். 1806-ஆம் ஆண்டு பிறந்து 1868-ஆம் ஆண்டு மறைந்தவர். இந்திய தேசியக் காங்கிரசு தோன்றுவதற்கு 33 ஆண்டுகள் முன்னரே சென்னையில் ஓர் அரசியல் அமைப்பு இயங்கியது என்றால், அதற்குக் காரணமாக நின்றவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் அவரே. வரலாற்றுத் துறையினர் அவரை நன்கறிவர். தமிழ்த்துறை மாணவரும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது என் ஆவல்.

செட்டியார் தெலுங்கு பேசும் வணிகர் குடியில் தோன்றியவர். கஜுலு என்பது தெலுங்கில் வளையலைக் குறிக்கும். தந்தையார் சித்துலு செட்டியார் அவுரி நீல வணிகத்தில் பொருள் ஈட்டியவர். வேதிச் சாயம் கண்டுபிடிக்கப்படாத அந்நாளில், உலகில் நீல நிறம் வேண்டுவோர் அவுரிச் செடியையே நம்பியிருந்தனர். அறுத்த செடியைத் தொட்டியில் நீர்விட்டு ஊறவைப்பர். புளித்த நீரை அடுத்த தொட்டிக்கு வடித்து, ஆட்கள் இறங்கி நின்று துடுப்புகளால் அடிப்பர். அடிக்க அடிக்கப் பசுமஞ்சள் நீர் நீலமாக மாறும். அடியில் படியும் வண்டலை வடிகட்டி, அழுத்தி, கட்டிகளாக அறுத்து, நிழலில் உலர்த்துவர். கடப்பை, நெல்லூர், தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களில் இத்தொழில் செழித்திருந்தது. அங்கிருந்து மாட்டு வண்டிகளில் வந்து சேரும் நீலக்கட்டிகள் சென்னைக் கடற்கரையில் மசூலாப் படகுகளில் ஏற்றப்பட்டு, தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைச் சேரும்.

நீலத்தோடு கைக்குட்டை வணிகமும் அக்குடும்பத்தின் தொழிலாக இருந்தது. கைக்குட்டை என்றவுடன் சட்டைப் பையில் மடித்து வைக்கும் சிறு துணி என்று மாணவர்கள் எண்ணிவிடலாகாது. மதராஸ் கைக்குட்டை என்று உலகச் சந்தையில் பெயர்பெற்றது கட்டம் போட்ட பெரிய சதுரப் பருத்தித் துணியாகும். சென்னையைச் சுற்றியிருந்த நெசவூர்களிலும் வடக்கே சீராலை முதலிய இடங்களிலும் நெய்யப்பட்ட அத்துணி, இலண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றது. அங்குள்ள மக்கள் அதனை இடையிலும் தலையிலும் அணிந்தனர். அதே கரையின் நெசவுத் துணியை நம் முன்னோர் கிழக்கே மலாயாவுக்கும் சுமத்திராவுக்கும் கொண்டு சென்று கைலியாக விற்றனர். நீலத்துக்கும் துணிக்கும் கைம்மாற்றுச் சொன்ன பேரேடுகள் புழங்கிய வீடுகள் நம் கடற்கரை ஊர்களில் இன்றும் உள்ளன. ஆதலின் செட்டியாரின் தொழிலை நமக்கு அயலானதாகக் கருதுவதற்கில்லை.

அவர் இளமையில் பெற்ற கல்வி மிகுதியன்று. சென்னைப் பல்கலைக்கழக உயர்நிலைப்பள்ளி என்னும் பெயரில் அரசு ஒரு பள்ளியைத் திறந்ததே 1841-இல்தான். அப்போது அவருக்கு அகவை முப்பத்தைந்து. தொடக்கக் கல்வியோடு கடைக்கு வந்தவர், சிறு சிறு விவாதக் குழுக்களில் அமர்ந்து பேசியும் கேட்டும் அரசியல் அறிவைப் பெற்றார். தந்தையாரோடு தொழிலில் கூட்டுச் சேர்ந்து பெரும்பொருள் ஈட்டினார். நாற்பது அகவையை நெருங்கும் வணிகர் ஒருவர் அக்காலத்தில் என்ன செய்வார்? சத்திரம் கட்டுவார்; கோயிலுக்குத் திருப்பணி செய்வார்; கவர்னர் மாளிகை விருந்துக்கு அழைப்பு வருமாறு பார்த்துக்கொள்வார். செட்டியார் ஒரு செய்தித்தாளை விலைக்கு வாங்கினார்.

அதற்கு அவர் சூட்டிய பெயர் 'கிரெசென்ட்'. பிறை என்பது பொருள். அதன் முதல் இதழ் 1844 அக்டோபர் 2-ஆம் நாள் வெளிவந்தது. பிறை என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் நெஞ்சம் சற்று நெருங்குவது இயல்பே. எனினும் அத்தாள் நோக்கமாக அறிவித்தது இந்துக்களின் நிலையை மேம்படுத்துவதையாகும். ஆங்கிலத்தில் நடந்த அதற்கு எட்வர்டு ஹார்லி என்னும் ஆங்கிலேயரை ஆசிரியராக அமர்த்தினார். ஆள்வோர் படிக்க வேண்டியதை ஆள்வோர் மொழியில், அவர்தம் நாட்டவர் ஒருவர் நடையிலேயே எழுதச் செய்தது வணிகருக்கே உரிய மதிநுட்பம் எனலாம். வாங்குபவனுக்கு விளங்கும் அளவையில்தானே சரக்கை அளந்து காட்ட வேண்டும்? அரசின் எதிர்ப்பு முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. தாளின் தொடக்கத்தை அறிவிக்கும் விளம்பரத்தை வெளியிட அரசிதழ் மறுத்துவிட்டது. பணம் கொடுத்தும் விளம்பரம் வாங்க முடியாத நிலை அவருடைய வணிக வாழ்வில் அதுவே முதன்முறையாக இருந்திருக்கும்.

அக்காலச் சூழலைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1842 முதல் 1848 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர் டுவீடேல் பிரபு. கிறித்தவச் சமயப் பரப்புநர்பால் ஆட்சியாளர் பலர் சாய்ந்திருந்த காலம் அது. அரசுப் பள்ளியில் விவிலியத்தைப் பாடநூலாக்க வேண்டும் என 1846-இல் கவர்னர் முன்மொழிந்தார். மதம் மாறியோரின் சொத்துரிமையைக் காப்பதாகச் சட்ட வரைவு ஒன்றும் அதற்குச் சற்று முன்னரே வெளிவந்திருந்தது. இவற்றை எதிர்த்து 1846 அக்டோபர் 7-இல் சென்னையில் கூட்டப்பெற்ற பொதுக்கூட்டத்தில் செட்டியார் முன்னின்றார். ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட மகஜர் கம்பெனியின் இயக்குநர் அவைக்கு இலண்டனுக்குச் சென்றது. விவிலியப் பாடத்தை இயக்குநர்கள் ஏற்கவில்லை. சொத்துரிமைச் சட்டமோ 1850-இல் நிறைவேறிவிட்டது. முதல் முயற்சியில் பாதி வெற்றி, பாதி தோல்வி.

இவ்விடத்தில் என் கருத்தொன்றைக் கூறிவிடுகின்றேன். சமயப் பரப்புநர் நடத்திய பள்ளிகளால் இந்நாடு பெற்ற நன்மை பெரிது. அவர்கள் தம் பள்ளியில் தம் மறையைக் கற்பித்ததில் குறையில்லை. எல்லாருடைய வரிப்பணத்திலும் நடக்கும் பள்ளியில் ஆள்வோரின் மறையை மட்டும் பாடமாக்குவது வேறு. செட்டியார் போரிட்டது பின்னதை எதிர்த்தே. அன்று அவ்வழக்கம் வேரூன்றியிருந்தால் நம் சமூகத்துப் பிள்ளைகளும் அரசுப் பள்ளியின் படி ஏறத் தயங்கியிருப்பர். இன்று நாம் அரசின் சமயச் சார்பின்மை என்று எதனை மதிக்கின்றோமோ, அதன் தொடக்ககால வழக்குகளுள் ஒன்றை நடத்தியவர், கைக்குட்டை விற்ற ஒரு வணிகர்.

எனினும் செட்டியாரின் வாழ்க்கை சமயக் காப்போடு நின்றிருக்குமாயின் இக்கட்டுரைக்குத் தேவை இருந்திராது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டயம் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பாராளுமன்றத்தால் புதுப்பிக்கப்படுவது. 1813, 1833 ஆகிய ஆண்டுகளுக்குப் பின் 1853-இல் அது மீண்டும் பாராளுமன்றத்தின் முன் வரவிருந்தது. அவ்வேளையில் இந்நாட்டார் தம் குறைகளை எடுத்துரைக்க வேண்டும் என்னும் எண்ணம் கல்கத்தாவில் எழுந்து, 1851-இல் பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் அங்கே அமைந்தது. 1852 பிப்ரவரி 26-இல் அதன் கிளையொன்று சென்னையில் தொடங்கப்பட்டது. சில மாதங்களிலேயே அது கல்கத்தாவிலிருந்து பிரிந்து, சென்னை சுதேசி சங்கம் என்னும் தனி அமைப்பாயிற்று. வங்காளத்தில் ஜமீன்தார் முறை. சென்னையில் ரயத்துவாரி முறை. அங்கே குடியானவனுக்கும் அரசுக்கும் இடையே ஜமீன்தார் இருந்தார். இங்கே குடியானவன் அரசின் ஆட்களை நேரே எதிர்கொண்டான். குறைகள் வேறாக இருக்கும்போது மகஜர் மட்டும் எங்ஙனம் ஒன்றாக இருக்க முடியும்?

சென்னைச் சங்கத்தின் மகஜர் 1852-ஆம் ஆண்டின் இறுதியில் எழுதி முடிக்கப்பெற்று, 1853-இன் தொடக்கத்தில் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி நிலவரியைப் பற்றியதே. வரியின் கடுமை, அதனை வாங்கும் முறையின் கொடுமை, வழக்குமன்றங்களின் செலவும் தாமதமும், சாலையும் நீர்ப்பாசனமும் கவனிப்பாரற்றுக் கிடத்தல், கல்விக்குப் போதிய பணம் ஒதுக்காமை, உயர்பதவிகளில் இந்நாட்டாருக்கு இடமின்மை ஆகியன அதில் விரித்துரைக்கப்பட்டன. கைவினைஞர் மீது விதிக்கப்பட்ட மொதர்பா வரியும் அதில் இடம்பெற்றது. தறிக்கு வரி, தச்சனுக்கு வரி, சிறுகடைக்கு வரி என வாங்கப்பட்ட அவ்வரியின் பெயரும் தொழில் செய்வோர் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் திரிபே. தறிக்காரரிடம் துணி வாங்கியே செல்வரான ஒருவருக்கு அவ்வரியின் சுமை பேரேட்டின் வழியாகவே தெரிந்திருக்கும். அவுரி விளைந்த ஊர்களுக்கும் நெசவூர்களுக்கும் சென்று திரும்பும் அவருடைய ஆட்கள் சரக்கோடு செய்தியையும் கொண்டுவந்திருப்பர் என்றும் எண்ணத் தோன்றுகின்றது.

அதே ஆண்டில் சங்கத்துக்குள் ஒரு பிளவும் நேர்ந்தது. கோமளீசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளை என்பார் சமூகச் சீர்திருத்தத்தில் நாட்டமுடையவர். பெண்கல்வி, கைம்பெண் மறுமணம் முதலியவற்றையும் பேச வேண்டும் என்பது அவர் தரப்பு. அரசிடம் குறை கேட்பதோடு நின்றால் போதும் என்பது செட்டியார் தரப்பு. பிள்ளையவர்கள் விலகிச் சென்று 1852 நவம்பரில் வேறொரு சங்கம் கண்டார். இதில் செட்டியாருக்கு நான் வழக்குரைக்கப் போவதில்லை. அரசின் கொடுமையைக் கூர்ந்து கண்ட கண்கள் வீட்டுக்குள் இருந்த கொடுமையைக் காண மறுத்தன என்றே சொல்ல வேண்டும். பெரியோரைப் பற்றி எழுதும்போது இத்தகைய பக்கங்களை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இனி, அவருடைய வாழ்வின் தலையாய பணிக்கு வருவோம். 1816-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி ஒன்றினால், மாவட்டக் கலெக்டரே காவல்துறைக்கும் தலைவரானார். அவருக்குக் கீழிருந்த தாசில்தார் வரி வாங்குபவராகவும் இருந்தார். காவல் அதிகாரியாகவும் இருந்தார். கிஸ்தி கட்டாத குடியானவனைப் பிடித்துவர ஆள் அனுப்புபவரும் அவரே. அவ்வாள் அடித்துவிட்டான் என்று முறையிடப் போனால் விசாரிப்பவரும் அவரே. விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் தொகை குறையாது. வரி நிலுவை விழுந்தால் தாசில்தாருக்கு மேலிடத்தில் வசை. அவ்வசை கணக்கர், சேவகர் எனப் படிப்படியாக இறங்கிக் கடைசியில் அடியாக மாறும். கிட்டி என்னும் மரக்கருவிக்கு இடையே விரல்களை வைத்து நெருக்குதல், தலையைக் குனியவைத்துக் காலோடு கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்துதல், முதுகில் கல்லேற்றுதல், உணவுக்கோ இயற்கைக் கடனுக்கோ போகவிடாமல் தடுத்தல் என்பன அன்றாட நடைமுறைகளாக இருந்தன. இதனை ஊரில் அறியாதார் இல்லை. இலண்டனில் அறிந்தார் இல்லை. அல்லது அறிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

1853-இல் புதுப்பிக்கப்பட்ட பட்டயத்தில் சென்னை மகஜரின் கோரிக்கைகளுக்குப் போதிய விடை கிடைக்கவில்லை. ஆயினும் அம்மகஜர் வீணாகவில்லை. இந்தியச் சீர்திருத்தக் கழகம் என்னும் பெயரில் இலண்டனில் அவ்வாண்டு அமைந்த குழுவினர் அதனைப் படித்தனர். அக்குழுவைச் சேர்ந்த பாராளுமன்ற உறுப்பினர் ஹென்றி டான்பி சீமோர் நிலைமையை நேரில் காணும்பொருட்டு 1853 அக்டோபரில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அவரை வரவேற்று உள்மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்றவர் லட்சுமிநரசு செட்டியார். சென்னை மாகாணத்தில் முதல் இரயில் ஓடியது 1856-இல். ஆகவே அப்பயணம் பல்லக்கிலும் மாட்டு வண்டியிலும் நடந்த பயணமாகவே இருந்திருக்கும். கடையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் அகவையில், வரி வாங்கும் கச்சேரிகளின் வாயிலில் என்ன நடக்கின்றது என்பதை ஒரு வெளிநாட்டவருக்குக் காட்டச் செல்வது இலாபம் தரும் வேலையன்று. அரசோடு தொழில் தொடர்பு கொண்ட எந்த வணிகரும் அஞ்சி ஒதுங்கும் வேலை அது.

1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் சென்னை நில வரியைப் பற்றிய விவாதம் எழுந்தபோது, சித்திரவதை நடக்கின்றது என்று சீமோர் எடுத்துரைத்தார். கம்பெனியின் தரப்பினர் நம்ப மறுத்தனர். ஆயினும் மறுப்பை நிறுவுவதற்கேனும் ஓர் விசாரணை தேவைப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையில் மூவர் கொண்ட ஆணைக்குழு அமர்த்தப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்போர் அம்மூவர். இவர்களுள் நார்ட்டன் சென்னையின் பெயர்பெற்ற வழக்கறிஞர். மாகாணத்தின் சீர்கேட்டை எடுத்துரைத்து அவ்வாண்டிலேயே நூலெழுதியவர். குறையுடையோர் நேரில் வரலாம், எழுதியும் அனுப்பலாம் என்று ஆணைக்குழு அறிவித்தது. நெடுந்தொலைவிலிருந்து நடந்து வந்தோரும் உண்டு. இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான முறையீடுகள் வந்து குவிந்தன.

1855 ஏப்ரலில் வெளிவந்த அறிக்கை, வரி வாங்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் சித்திரவதை மாகாணம் முழுவதும் வழக்கமாக இருந்ததை உறுதிசெய்தது. ஆனால் பழி முழுவதையும் இந்நாட்டுக் கீழ்நிலை ஊழியர்மீது சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகள் இதற்கு உடன்பட்டவர் அல்லர் என்று விடுவித்தது. கையில் கிட்டியைப் பிடித்தவர் நம்மவரே என்பது மறுக்க முடியாத உண்மை. அதனை நாம் வெட்கத்தோடு ஏற்கத்தான் வேண்டும். தம் கருவூலத்துக்கு வந்து சேர்ந்த பணம் எவ்வாறு வந்தது என்று கேளாதவர் குற்றமற்றவர் ஆவரோ என்பது வேறு வினா. அவ்வினாவை அன்றே எழுப்பியவர்களுள் காரல் மார்க்சும் ஒருவர். 1857-இல் வடநாட்டில் சிப்பாய்கள் எழுந்தபோது, அவர்தம் கொடுமைகளைப் பற்றி மட்டும் இலண்டன் தாள்கள் எழுதிக்கொண்டிருந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் நியூயார்க் நகரத்து நாளிதழில் மார்க்சு இச்சென்னை அறிக்கையையே எடுத்துவைத்து எழுதினார். தஞ்சையிலும் கடலூரிலும் அடிபட்ட குடியானவனின் குரல் அமெரிக்கா வரை சென்றதற்கு, சென்னைப் பட்டணத்து நீல வணிகர் ஒருவரின் மகஜரும் பயணமும் காரணமாயின.

அறிக்கை அலமாரியில் உறங்கிவிடவில்லை. வரித்துறையிலிருந்து காவல்துறை பிரிக்கப்பட வேண்டும் என்னும் கருத்து அதனால் வலுப்பெற்று, 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தால் சென்னை மாகாணக் காவல்துறை தனித் துறையாக அமைக்கப்பட்டது. தாசில்தார் கையிலிருந்து தடி பறிக்கப்பட்டது என்று சுருங்கச் சொல்லலாம். காவல் நிலையங்களில் அடி நின்றுவிட்டதா என்று மாணவர் எவரேனும் கேட்டால் நான் என்ன விடை கூறுவேன்? நின்றுவிடவில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் கிஸ்தி கட்டாதவனை அடிப்பது அரசின் இயல்பான உரிமை என்னும் நிலை அன்றோடு மாறத் தொடங்கியது.

கம்பெனி ஆட்சி ஒழிந்து அரசியின் நேரடி ஆட்சி வரவேண்டும் என்றும் சங்கம் 1850-களின் நடுவில் மகஜர் அனுப்பியது. இன்று இதனைப் படிக்கும் இளைஞருக்கு வியப்பாக இருக்கலாம். வெள்ளையர் ஆட்சியை ஒழிக்காமல், ஒரு வெள்ளையர் கையிலிருந்து மற்றொரு வெள்ளையர் கைக்கு மாற்றக் கேட்பதா என்று தோன்றலாம். இலாபப் பங்குக்காக ஆளும் கூட்டத்தைவிட, பாராளுமன்றத்துக்கு விடை கூற வேண்டிய அரசு மேலானது என அவர் நம்பினார். வணிகக் கம்பெனி ஒன்று நாடாண்டால் என்ன ஆகும் என்பதை வணிகரைவிட நன்கறிந்தவர் யார்? அந்நம்பிக்கை முழுவதும் மெய்ப்படவில்லை. 1858 நவம்பரில் அரசியின் அறிக்கை வந்தது. பஞ்சங்களும் அதன் பின்னரும் வந்தன.

அதன் பிறகு அரசு அவரைப் பார்த்த பார்வை மாறியது. முதல் இதழின் விளம்பரத்தை ஏற்க மறுத்த அதே அரசு, அவருக்கு சி.எஸ்.ஐ. என்னும் விருதை வழங்கியது. 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் முதல் இந்திய உறுப்பினராக இருந்த வெம்பாக்கம் சடகோபாச்சார்லு மறைந்தபின், அவ்விடத்துக்குச் செட்டியார் நியமனம் பெற்றார். மன்றத்தில் இந்நாட்டவருக்கு இடம் வேண்டும் என்று மகஜர் எழுதியவர், அவ்விடத்திலேயே சென்று அமர்ந்தார். அமர்ந்த நேரத்தில் அவருடைய கையிருப்பு ஏறத்தாழத் தீர்ந்துவிட்டிருந்தது.

இருபது ஆண்டுகளாக விளம்பர ஆதரவின்றி ஓர் ஆங்கிலத் தாளை நடத்துவது, ஆங்கில ஆசிரியருக்கு ஊதியம் அளிப்பது, அச்சகச் செலவு, மகஜர்களை எழுதுவிப்பது, ஊர் ஊராகக் கையொப்பம் திரட்டுவது, கடல்கடந்து அனுப்புவது, இலண்டன் விருந்தினரை மாகாணம் சுற்றிக் காட்டுவது என அத்தனைக்கும் பணம் வேண்டும். சங்கத்தில் உறுப்பினர் பலர் இருந்தனர். செலவின் பெரும்பகுதி ஒருவர் கணக்கிலேயே எழுதப்பட்டது. கடைப் பேரேட்டைப் பார்த்துப் பழகியவர் ஆதலின், எவ்வளவு போகின்றது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. வரவு வேறு எங்கெங்கோ வைக்கப்பட்டது. அடி வாங்காமல் கச்சேரியை விட்டுத் திரும்பிய குடியானவன், தன் விரல்கள் முழுமையாக இருப்பதற்குச் சென்னையில் யாரோ ஒரு செட்டியார் பணம் கட்டியிருக்கின்றார் என்று அறிந்திருக்கவில்லை. நம் மார்க்கத்தில் வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுக்கும் அறம் உயர்வாகப் பேசப்படும். இங்கே பெற்றவனும் அறியவில்லை.

1868-ஆம் ஆண்டு லட்சுமிநரசு செட்டியார் வறுமையில் இறந்தார். அவரோடு சங்கமும் செயலிழந்தது. பிறையும் தேய்ந்து மறைந்தது. அதன்பின் சென்னையில் இந்நாட்டார் குரலாக ஓர் இதழ் நிலைபெறப் பத்தாண்டுகள் ஆயின. 1878 செப்டம்பரில் திருவல்லிக்கேணியைச் சார்ந்த இளைஞர் ஆறுபேர் 'தி இந்து' வார இதழைத் தொடங்கியபோது, கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயைக் கொண்டு எண்பது படிகள் அச்சிட்டனர். அறுவரும் ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள். செட்டியார் கடைக்குச் சென்ற அகவையில் அவர்கள் கல்லூரிக்குச் சென்றிருந்தனர்.